திரும்பத் திரும்ப வரும் சத்தம்

செப்டம்பர் 3, 2043. வியாழன்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். சுவர்ச் சோதனைக்குப் புதுப் பேப்பர் எடுத்துப்போக மறந்துவிட்டேன். பட்டறையில் கிடந்த நேற்றைய பேப்பரிலிருந்து நேற்று வாசித்த அதே செய்தியை மறுபடி வாசித்தேன். குரல் அளவு நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. சளி பிடித்ததால் இருக்கும் என்று நினைத்து நேற்றைய எண்ணையே எழுதிவிட்டேன். சளி பிடித்தது உண்மை. எண் உண்மை இல்லை. இனி இப்படிச் செய்யக் கூடாது.

இதை எழுதி முடித்ததும் சுடர்விழி பேனாவை மூடிவைத்துவிட்டு, "தப்பாயிருக்குமோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். அது அவளுடைய பழக்கம். ஆணி அடித்தாலும் கணக்குப் போட்டாலும், முடித்த கையோடு அந்த ஒரு சொல் தானாக வெளியே வந்துவிடும். மாலை வகுப்பில் அவளோடு படிக்கும் ஃபர்ஹானா இதற்காகவே அவளைக் கிண்டல் செய்வாள். "உங்க ஊட்ல உனக்குச் சுடர்விழின்னு பேர் வச்சதே தப்பாயிருக்குமோ?" என்பாள்.

பகலில் சுடர்விழி ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். மாலை ஆறு மணிக்கு மேல் பாலிடெக்னிக்கில் ஒலியியல் படித்தாள். குமாரபாளையத்தில் ஒலியியல் படிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பிறந்து வளர்ந்தாலே போதும். அவள் வீட்டின் பின்பாதி தறிப்பட்டறை. அப்பா தீர்த்தகிரி ஆறு விசைத்தறி ஓட்டினார். துண்டு, லுங்கி, சில சமயம் படுக்கை விரிப்பு. சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. கத்துவார்கள், அல்லது சைகை காட்டுவார்கள். அம்மா மோகனாவின் உதடு அசைவதைப் பார்த்தே அப்பா பாதியைப் புரிந்துகொள்வார். தறிக்காரர்கள் எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும்.

வரும் தை மாதத்திலிருந்து புதுச் சட்டம். குடியிருக்கும் வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் தறியை ஊருக்கு வெளியே உள்ள தொழில் எஸ்டேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எஸ்டேட்டில் இடம் பிடிக்கப் பெரிய முதலாளிகளால்தான் முடியும். வீட்டோடு தறி வைத்திருக்கும் நாற்பது குடும்பங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. அந்த நேரத்தில்தான் சுடர்விழியும் ஃபர்ஹானாவும் தங்கள் படிப்பின் கடைசி வேலையாக ஒரு சுவரைச் செய்து, ஆடிப்பெருக்குக்கு அடுத்த வாரம் அவள் வீட்டிலேயே பொருத்தினார்கள்.

பொருத்திய அன்றைக்குத் தறி உரிமையாளர் சங்கத் தலைவர் சம்பத் வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். விரலால் துளைகளைத் தடவினார்.

"ஏங்கண்ணு, சத்தத்த அடைக்கறதுக்குச் செவுரு கட்டுவாங்க. நீ செவுத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கற?"

"ஓட்டைதாங் மாமா வேலையே செய்யுது. கோலி சோடா குடிச்சுட்டு பாட்டில் வாயில ஊதியிருக்கீங்ல்ல?"

"ஊதாம? பூஊன்னு கேக்கும்."

"ஒரு பாட்டிலுக்கு ஒரு சத்தந்தான வரும். ஓட்டையோட அளவும் உள்ள இருக்கற காத்தும் சேந்து அந்தச் சத்தத்தப் புடிச்சுக்குது. இங்க ரெண்டு பலகை, நடுவுல ஓட்டை போட்ட தகடு, அப்புறம் காத்து, மறுபடி ஓட்டைத் தகடு. சத்தம் ஓட்டைக்குள்ள போகும், காத்தோட உரசும், சூடாகிச் செத்துப்போகும். எந்த அளவு ஓட்டையோ அந்தச் சத்தம் சாகும்."

"அப்ப தறிச் சத்தத்துக்குன்னு ஒரு அளவு."

"அங்கதாங் மாமா புதுசு," என்று ஃபர்ஹானா இடையில் புகுந்தாள். "ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு இமை இருக்குது, கண்ணுக்கு இருக்கற மாதிரி. தானா விரியும், சுருங்கும். எந்தச் சத்தத்தக் கொல்லணுமோ அதுக்குத் தக்கன அளவ மாத்திக்கும். எதக் கொல்லணும்னு அதுவே கத்துக்கும்."

"அதுக்கு எப்புடித் தெரியும்?"

சுடர்விழி அப்போது ஒரு வாக்கியம் சொன்னாள். பல நாள் யோசித்துச் செதுக்கிய வாக்கியம். சுவருக்குள் இருக்கும் சின்ன மூளைக்கு அவள் எழுதிக் கொடுத்த ஒரே விதியும் அதுதான்.

"திரும்பத் திரும்ப வர்றது சத்தம். புதுசா வர்றது பேச்சு."

சம்பத் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அட! இது பழமொழி மாதிரியில்ல இருக்குது," என்றார். சுடர்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் போன பிறகு சுவரில் கை வைத்து, "தப்பாயிருக்குமோ" என்றாள்.

தப்பாக எதுவும் தெரியவில்லை. மூன்றே நாளில் சுவர் தறியைக் கற்றுக்கொண்டது. பட்டறையின் நாலு பக்கமும் அதே பலகை என்பதால் உள்ளேயும் பாதிச் சத்தம் குறைந்தது. சமையலறையில் குக்கர் விசில் கேட்டது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. வீட்டில் பல்லி இருக்கிறது என்பதே மோகனாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

நான்காம் நாள் மதியம் அவள் அடுப்படியில் நின்றபடியே, பழக்கத்தில், மெல்லிய குரலில், "ஏனுங்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ம்?" என்று பதில் வந்தது.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தறி ஓடும்போது அவள் கத்தாமல் கூப்பிட்டு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அன்று இரவு சுடர்விழியிடம் சொல்லும்போது அவள் முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம் இருந்தது. "கூப்புட்டேன், கேட்டுப்புட்டார்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சுவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எதுவும் தனக்கு வேண்டாம் என்று சுடர்விழிக்குத் தோன்றியது. அன்றைய நாட்குறிப்பில் அதையும் எழுதிவைத்தாள்.

அப்புறம் மோகனா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காரணம் இருந்தாலும் கூப்பிட்டாள், இல்லாவிட்டாலும் கூப்பிட்டாள். மழை தூறுவதைச் சொல்ல, குழம்பு கொதிப்பதைச் சொல்ல, பக்கத்து வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரை கிளம்பிப் போனதைச் சொல்ல. முதலில் "ஏனுங்" என்பாள். "ம்?" வந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வாள். பதில் வராமல் விஷயத்தைத் தூக்கிப் போடுவது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம். அப்பாவும் தன் பங்குக்குத் தொண்டையைக் கனைத்துத் தண்ணீர் கேட்டார்.

இதெல்லாம் சுடர்விழியின் காதில் விழவே இல்லை. அவள் காலையில் தறி ஓடத் தொடங்கியதும் சோதனை செய்வாள். ஒலிமானியைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று, அன்றைய பேப்பரிலிருந்து ஒரு செய்தியை மூன்று தரம் வாசிப்பாள். ஒரே செய்தியைத் தினமும் வாசித்தால் கேட்பவருக்கு மனப்பாடம் ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு நாளும் புதுச் செய்திதான் வாசிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்பது சுடர்விழியின் உத்தரவு. எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டால், வகுப்பு முடிந்து திரும்பும்போது தறி நின்றிருக்கும்.

எண்கள் எல்லாம் அழகாக வந்தன. தறி: கேட்கவில்லை. பேச்சு: தெளிவு.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த சமயத்தில் வீட்டுக்குள் ஏதோ கசந்திருந்தது. பேப்பரை மறந்த அந்த வியாழனிலிருந்தே அது தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் சளி, எண் என்று சுடர்விழியின் கவனம் அவள் கவலைகளிலேயே இருந்துவிட்டது.

"உங்கொப்பனுக்கு என்ன ரோசனைன்னே தெரியல," என்றாள் மோகனா ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது. தட்டில் சோறு வந்து விழுந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. "கூப்புட்டாக் காதுல வாங்கறதே இல்ல. தொண்ட வறள வறளக் கத்தறேன். எரும மேல மழ பேஞ்ச மாதிரி குனிஞ்சு நூலு முடிஞ்சுட்டு இருக்கறாரு."

"கேக்கலியோ என்னமோம்மா."

"போன மாசம் நான் குசுகுசுன்னு சொன்னதெல்லாம் கேட்டுச்சு. இப்ப கேக்கலையாமா?"

அப்பா கை கழுவப் போன இடத்தில் சுடர்விழியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "காது போச்சு சாமி."

"என்னங்ப்பா சொல்றீங்?"

"முப்பது வருசம் தறிக்குள்ளயே கெடந்த காதுதான. போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அவ கூப்புடறாளாமா, எனக்கு ஒன்னுமே தெரியறதில்ல. தறி நின்னா எல்லாம் கேக்குது. ஓடறப்ப அவ குரலு மட்டும் இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தைக்கு மேல தறிய வேற யாருக்காச்சும் ஓட்டக் குடுத்துரலாம்னு இருக்கறேன். காது கேக்காதவன் மிசினுக்கு நடுவுல நிக்கக் கூடாது."

அவர் தறியை விட்டுவிட நினைத்த ஒரு நாளைக்கூடச் சுடர்விழி பார்த்ததில்லை. மறுநாளே வகுப்பிலிருந்து காது சோதிக்கும் கருவியை வாங்கி வந்தாள். மெல்லிய பீப், கனத்த பீப், வார்த்தைகள், வாக்கியங்கள் என்று எல்லாவற்றையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. தறிக்காரர் காதுக்கு அது அதிசயம்.

நல்ல செய்தி என்று நினைத்து அவள் அதை இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். அதுதான் வினையாகிவிட்டது.

"அப்படியா," என்றாள் மோகனா. "காது நல்லாத்தான் இருக்குது. கேட்டுக்கிட்டேதான் கேக்காத மாதிரி நின்னிருக்கறாரு."

"நான் கேக்கல மோனா."

"மிசினு கேக்குதுங்குது."

"மிசினு பொய் சொல்லாது," என்றார் தீர்த்தகிரி. "நீயும் பொய் சொல்ல மாட்டே. எனக்கு ஒன்னும் புரியல."

அன்றிலிருந்து மோகனா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு நேரே பட்டறைக்குள் போய், அவர் முன்னால் நின்று கையால் காட்டுவாள். சுவர் வருவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அதே மாதிரி. ஆனால் அப்போது சைகையில் சிரிப்பு இருந்தது.

சங்கத்தார் பார்க்க வருவதற்குச் செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு குறித்திருந்தார்கள். அவர்கள் சரி என்றால் நாற்பது வீட்டுக்கும் வேலை தொடங்கும். தைக்குள் முடிந்துவிடும். சுடர்விழிக்கு டிப்ளமோவும் கிடைத்துவிடும். வழக்கமாக ஞாயிறு தறி ஓடாது. அன்று அவளுக்காக அப்பா ஆறு தறியையும் ஓட்டினார். பட்டறைக் கதவும் அதே பலகைதான், நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம். சந்து இருந்தால் சத்தம் கசியும் என்பதால், உள்பக்கம் இறுக்கித் தாழ்ப்பாள் போடும்படி சுடர்விழியே சொல்லியிருந்தாள்.

சம்பத்தும், தறி வீட்டுக்காரர்கள் பத்துப் பேரும், அவர்களுடைய வீட்டுப் பெண்களும் சமையலறையிலும் முற்றத்திலும் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லாரும் வழக்கம்போலக் கத்திக்கொண்டே உள்ளே வந்தவர்கள், சுவரைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் குரலைத் தணித்தார்கள். கண்ணாடி வழியே ஆறு தறியும் ஆடுவது தெரிந்தது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா பறப்பது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையைத் தானே வியப்பாகப் பார்த்தார்.

சம்பத் சுவருக்கு முன்னால் நின்றார். "மாப்ள! தீவாளிக்கு எனக்கு எத்தன துண்டு தருவே?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் தெளிவாக வந்தது. "போன தீவாளிக்குக் குடுத்ததயே நீங்க இன்னும் தொவைக்கலையாமே!"

கூட்டம் சிரித்தது. ஃபர்ஹானா சுடர்விழியின் கையைக் கிள்ளினாள். சுடர்விழி பெருமையாகச் சுவரைப் பார்த்தாள். அந்த நிமிஷம் மட்டும் அவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

மோகனா டீ தட்டோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவருகே வந்தவள், பேசாத கோபம் இருந்தாலும், பழக்கத்தில் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். தீர்த்தகிரி கடைசித் தறியில் அறுந்த பாவு நூலை முடிய இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தார். அவர் தோளில் இருந்த துண்டு சரிந்து, அதன் முனை பின்னால் ஓடும் மோட்டார் பெல்ட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. மறுமுனை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது.

"ஏனுங்!" என்று கத்தினாள்.

அவர் நிமிரவில்லை.

"ஏனுங்! ஏனுங்ங்!" கதவைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே தாழ்ப்பாள். டீ தட்டு கீழே விழுந்தது. துண்டின் முனை இன்னும் ஒரு விரலளவு இறங்கியது.

மோகனா சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வாழ்நாளில் ஒருதரமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள்.

"தீர்த்தகிரீ! துண்டு!"

அவர் நிமிர்ந்தார். தறிச் சத்தத்தைவிட அந்தப் பெயர் அவரைத் தூக்கிவாரிப் போட்டது போலத் தெரிந்தது. நிமிர்ந்த வேகத்தில் கழுத்துத் துண்டு அவிழ்ந்து கையோடு வந்தது. மறுமுனையைப் பெல்ட் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. துண்டு சுருண்டு மோட்டாருக்குள் போய், அந்த ஒரு தறி திணறி நின்றது. தீர்த்தகிரி வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்.

வெளியே யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு பெண்களில் ஒருத்தி, "அய்யோ, பேர் சொல்லிப்புட்டாளே!" என்றாள். அதோடு எல்லாருக்கும் உயிர் திரும்பி வந்தது. மோகனா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சம்பத் நெற்றி வேர்வையைத் துடைத்தார். "பாத்தீங்களா! ஆபத்துல கூப்புட்டது டக்குனு கேட்டுச்சா இல்லியா? தறி கேக்கல, மனுசக் குரலு கேக்குது. இதுக்கு மேல என்ன சோதனை வேணும்? நாப்பது ஊட்டுக்கும் நாளைக்கே அளவெடுக்கச் சொல்லிரலாம்."

எல்லாரும் ஆமென்றார்கள். யாரோ கை தட்டினார்கள்.

சுடர்விழி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டது போகவில்லை. நான்காவது போனது. மூன்றும் ஒரே சொல், நான்காவது வேறு சொல். பேப்பர் மறந்த வியாழன் அவள் முன்னால் வந்து நின்றது: அதே செய்தி, இரண்டாம் நாள், குறைந்த எண். அவளுக்குச் சளியால் வந்த குறைவே இல்லை அது.

பேசாமல் இருந்துவிடலாம். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். "தப்பாயிருக்குமோ," என்று வாய் முணுமுணுத்தது. அவளுக்குப் பதில் தெரியும்.

"இல்லீங் மாமா," என்றாள். "சுவரு தோத்துப்போச்சு."

"என்ன கண்ணு சொல்ற?"

"அம்மா மூணு தடவ ஏனுங்னு கூப்புட்டாங். ஒன்னுகூட உள்ள போகல. பேரு மட்டுந்தான் போச்சு." பெண்கள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க உங்க ஊட்டுக்காரர எப்புடிக் கூப்புடுவீங்?"

"ஏனுங்னுதான்."

"நீங்க?"

"ஏனுங்."

"நானும் ஏனுங்தான். வேற எப்புடிக் கூப்புடறது?"

கடைசியில் நின்ற இளம்பெண் மட்டும், "நான் பேர் சொல்லித்தான் கூப்புடுவேன்," என்றாள்.

"அப்ப உன்ற ஊட்டுக்கு மட்டும் இந்தச் செவுரு சரி," என்று ஒருத்தி இடித்தாள்.

சுடர்விழி கண்ணாடி வழியாக அப்பாவை அருகே வரச் சொல்லிச் சைகை செய்தாள். மற்ற ஐந்து தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவை எழுப்பி, "ஒருக்காக் கூப்புடும்மா, எப்பவும் கூப்புடற மாதிரி," என்றாள்.

மோகனா கண்ணாடிக்கு முன்னால் நின்று, "ஏனுங்," என்றாள்.

தீர்த்தகிரி பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைவைப் படிக்கத் தெரிந்த மனிதர். மனைவியின் உதட்டில் அந்தச் சொல் உருவாவதைப் பார்த்தார். அவர் காதுக்கு எதுவும் வந்து சேரவில்லை. இன்னொரு முறை கூப்பிடச் சொல்லிக் கையால் காட்டினார். அவள் கூப்பிட்டாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். அவர் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கதவு திறந்ததும் தறிச் சத்தம் வீட்டுக்குள் வெள்ளம் போலப் புகுந்தது; அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "எனக்குக் காது போகல!" என்றார். சின்னப் பையன் பரீட்சையில் தேறியதைச் சொல்வது போல இருந்தது. "நீ கூப்புட்டுக்கிட்டேதான் இருந்திருக்கற!"

"பின்ன? சும்மாவா தொண்ட கட்டிச்சு?"

ஃபர்ஹானா ஓடிப்போய்த் தறிகளை நிறுத்தினாள். சுடர்விழி எல்லாருக்கும் சொன்னாள். "திரும்பத் திரும்ப வர்றது சத்தம், புதுசா வர்றது பேச்சுன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். தினமும் புதுச் செய்தியா வாசிச்சேன், அதனால எனக்கு எப்பவும் கேட்டுச்சு. அம்மா தினமும் ஒரே வார்த்தையக் கூப்புட்டாங். அது நூறாச்சு, ஆயிரமாச்சு. சுவரு அதையும் தறின்னு நெனச்சுக்கிச்சு. கேக்கலைன்னு கோவத்துல கத்தக் கத்த, கத்தறதையும் கத்துக்கிச்சு."

மோகனா சிரித்தாள். அன்றைக்கு முதல்முறையாக நன்றாகவே சிரித்தாள். "நெதமும் கூப்புடறவளோட குரல எவன் காதுல வாங்கறான்? செவுத்த எதுக்குக் குத்தஞ்சொல்றே? ஆம்பளைககிட்டக் கத்துக்கிட்டிருக்கும்."

பெண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தது. ஆண்கள் டீ டம்ளரைத் தேடினார்கள். டீ எல்லாம் தரையில் இருந்தது.

சம்பத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கண்ணு, தைக்கு இன்னும் நாள் இல்ல. ஒரே ஒரு வார்த்தைக்காக நாப்பது ஊட்டையும் நிறுத்தி வைக்கறதா? இனிமே பொம்பளைக பேரச் சொல்லிக் கூப்புட்டாப் போச்சு. காலமும் மாறிப்போச்சு."

"அப்புடியே நாங்கதான் மாறிக்கணுமாக்கும்," என்றாள் சற்றுமுன் இடித்தவள். "செவுரு மாறாதோ?"

"பேரச் சொன்னாலும் ஆகாதுங் மாமா," என்றாள் சுடர்விழி. "இன்னிக்குப் பேரு புதுசு. நாளைக்குப் பழசாயிரும். ஒரே மாசத்துல பேரையும் தின்னுரும். அப்புறம் உசுருக்கு எதச் சொல்லிக் கூப்புடறது? யாரு அதிகமாக் கூப்புடறாங்களோ அவங்க குரலுதான் முதல்ல போகும். படுத்த படுக்கையாக் கெடக்கறவங்க, கொழந்த, இவங்கெல்லாம் ஒரே மாதிரிதான கூப்புடுவாங். விதிய மாத்தணும். எத்தன தடவ வந்தாலும் மனுசக் குரல விட்டுட்டு, தறிய மட்டும் தின்னற மாதிரி பழக்கணும். பத்து நாள் குடுங். அதுக்குள்ள இந்த ஊட்டுலயே சரி பண்றேன். ஆகலைன்னா நானே வந்து ஆகலைன்னு சொல்றேன்."

சம்பத் தீர்த்தகிரியைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்ற பார்வை அது.

தீர்த்தகிரி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார். "எல்லாருங் கை தட்டறப்ப, தோத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு எத்தன தைரியம் வேணும்? எனக்கு வராது. உங்களுக்கும் வராது மாமா," என்றார். "என்ற புள்ள பத்து நாளுன்னாப் பத்து நாள்தான்."

தலைவர் சுடர்விழி பக்கம் திரும்பினார். "சரி. என்ற ஊட்டுல அளவு மட்டும் எடுத்துக்க. பலகை பத்து நாளைக்கு அப்புறம்," என்றார். போகும்போது சுவரில் கை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னவோ சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஃபர்ஹானா தன் மடிக்கணினியைச் சுவரோடு இணைத்தாள். சுவர் இதுவரை என்னவெல்லாம் கற்றிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்யலாம். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் தறி வந்தது. அப்பா தலையாட்டினார். இரண்டாவதாக, "ஏனுங்." மெல்ல, உரக்க, கோபமாக, கெஞ்சலாக, ஒரே சொல் எத்தனையோ விதமாக வந்தது.

மூன்றாவது ஒரு கனைப்பு. "ம்க்கும்."

மோகனா நிமிர்ந்தாள். "இது யாரு?"

"நாந்தான்," என்றார் தீர்த்தகிரி. "தண்ணி வேணும்னாக் கனைப்பேன். நீ வரல. கோவத்துல இருக்கறேன்னு நெனச்சு நானே வந்து எடுத்துக்குவேன்."

"நீங்களும் கூப்புட்டீங்ளா?"

"தெனமும்."

அவள் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தாகமே இல்லாவிட்டாலும் முழுவதையும் குடித்தார்.

"இன்னொன்னு இருக்குதுடி," என்றாள் ஃபர்ஹானா. "நாலாவது. இது அதிகமா வந்திருக்குது, கனைப்பவிட அதிகம்." அழுத்தினாள்.

ஒரு பெண்ணின் முணுமுணுப்பு. "தப்பாயிருக்குமோ."

மறுபடி, "தப்பாயிருக்குமோ." பலகையில் கை வைத்தபடி, திருகு முடுக்கியபடி, எண்ணை எழுதியபடி. ஆடியிலிருந்து இன்று வரைக்கும்.

ஃபர்ஹானா தரையில் உருண்டு சிரித்தாள். "உன் சந்தேகத்தையே தின்னுருச்சுடி! அத மட்டும் அப்படியே விட்டுரலாம். ஊரே உனக்கு நன்றி சொல்லும்!"

சுடர்விழியும் சிரித்தாள். பிறகு அந்த முணுமுணுப்பை மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டாள். தான் அந்தச் சொல்லைச் சொல்வதை அவள் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல்முறை. நினைத்திருந்ததுபோல அது பயந்த குரலாக இல்லை. வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஒருத்தியின் குரலாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 27. ஞாயிறு.

சுவர் தோற்றது. நானே சொன்னேன். பத்து நாள் வாங்கியிருக்கிறேன். அப்பா தறியை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். பேர் சொல்லவில்லை, ஏனுங் என்றுதான் கூப்பிட்டாள். தறி நின்றிருந்ததால் கேட்டது. தறி ஓடும்போதும் கேட்க வேண்டும்.

நாளை: சுவர் கற்றதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நீக்குவது. நான்காவதையும் நீக்குவது, அது கேட்க வேண்டிய குரல். சோதனைக்குப் பேப்பர் எடுத்துப்போவது. பழைய பேப்பர்.